கைக்குச் செய்த சுக்கான்

என் தம்பி மறைந்து ஈராண்டு கடந்துவிட்டது. கால் இயங்காத அவன் கடலில் பாய் விரித்துச் செல்வதற்கென ஒரு மீன்பிடிப் படகை நாங்கள் மாற்றி அமைத்ததைப் பற்றி எழுதுமாறு நண்பர் சிலர் கேட்டவண்ணம் உள்ளனர். கேட்போரின் குரலில் ஒரு பாராட்டு ஒலிக்கிறது. அப்பாராட்டை ஏற்கும் தகுதி எனக்கு இல்லை என்பதனால் இதுவரை தட்டிக்கழித்து வந்தேன். எழுதாமல் விட்டால் பாராட்டே நிலைத்துவிடும் போலிருக்கிறது. ஆகவே எழுதுகிறேன்.

அவன் எனக்குப் பதினான்கு ஆண்டு இளையவன். பொறியியல் முடித்த கையோடு சிங்கப்பூர் சென்று முப்பதாண்டுக்கு மேல் அங்கேயே பணியாற்றினான். எங்கள் குடும்பத்தில் கடல் கடந்தோர் பலர் உண்டு. கடலைக் கற்றவர் ஒருவரும் இல்லை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சென்ற முன்னோர் கப்பலில் அரிசியும் வற்றலும் மோர்மிளகாயுமாக ஏறி, இறங்கும் துறை வரும்வரை கண்ணை மூடிப் படுத்திருந்தவர்கள். தம்பி ஒருவன்தான் கயிற்றைத் தொட்டவன். ஞாயிறுதோறும் சிறு பாய்ப்படகு ஓட்டப் பழகினான். படகு ஒரு பக்கம் சாய, மறுபக்க விளிம்பில் முதுகு நீரைத் தொடுமளவு அவன் வெளியே சாய்ந்து தொங்கும் நிழற்படம் ஒன்றை வீட்டுக்கு அனுப்பியிருந்தான். எங்கள் ஆத்தா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உள்ள எடமில்லையா? இவன் ஏன் வெளிய தொங்குறான்?" என்று கேட்டார்.

நோய் வலக்காலில் தொடங்கியது. செருப்பு தானே கழன்று விழுந்தது. படிகளில் கால் இடறிற்று. ஓராண்டுக்குள் சக்கர நாற்காலி வந்துவிட்டது. சென்னையிலும் மதுரையிலும் மருத்துவர்கள் ஒன்றையே கூறினர். முதலில் கால், பிறகு கை, பிறகு தொண்டை, இறுதியில் மூச்சு. வரிசை தெரியும், நாள்தான் தெரியாது. அவர்கள் மூன்று ஆங்கில எழுத்துகளால் குறித்த அந்நோய்க்கு நான் 'இயக்க நரம்புச் சிதைவு' என்று ஒரு பெயர் அமைத்து அவனிடம் சொன்னேன். அவன் சிறிது நேரம் எண்ணிப் பார்த்து, "பேரு வச்சாச்சு. இனிக் காது குத்துறது எப்பண்ணே?" என்றான்.

மக்கட்பேறு இல்லாத அவனும் அவன் மனைவியும் ஊர் திரும்பி, கொத்தமங்கலத்தில் எங்கள் குடும்பத்துக்குரிய பெரிய வீட்டின் ஒரு பகுதியில் தங்கினர். நான் காரைக்குடியிலிருந்து ஒன்றுவிட்டு ஒரு நாள் சென்று வருவேன். அவ்வீட்டின் தளம் கண்ணாடியைப் போல் வழவழப்பானது. நாற்காலி தானே ஓடும். ஆனால் கூடத்துக்குக் கூடம் முழங்கால் உயர வாசற்கட்டை. ஒவ்வொன்றின் முன்னும் அவன் நின்று, இருவர் வந்து தூக்கும்வரை காத்திருப்பான்.

சித்திரையில் ஒருநாள் அவ்வாறு காத்திருக்கையில்தான் கேட்டான்.

"அண்ணே, ஒரு தடவை பாய் விரிச்சு ஓட்டணும்."

"கடலிலா?"

"ஊருணியிலயா ஓட்டுவாக? கடல்லதான். யாரோ ஓட்ட நான் உக்காந்து வேடிக்க பாத்துட்டு வர்றது வேணாம். அது தோணியில போற மூட்டை. சுக்கான் என் கையில இருக்கணும். கை இருக்கறப்பவே."

அவன் வாழ்நாளில் என்னிடம் கேட்டவை மிகச் சில. இதற்கு நான் உடனே ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்டபோது எனக்கு நீந்தத் தெரியாது என்பது நினைவுக்கு வரவில்லை.

தொண்டிக்குத் தெற்கே ஒரு சிற்றூரில், பொறி பூட்டாத பழைய மரவள்ளம் ஒன்றைப் பாய் கொண்டே செலுத்தி நண்டு வலை இடும் ஒருவர் இருப்பதாக அறிந்தோம். அறுபதை நெருங்கியவர், மெலிந்த உடல், எதிரில் இருப்பவரை நோக்காமல் கடலை நோக்கியே பேசுபவர். தம்பி மகிழுந்தை விட்டு இறங்காமல் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு தன் விருப்பத்தைச் சொன்னான். அவர் முழுவதும் கேட்டார்.

"கால் வராதுங்கிறீக. கை?"

தம்பி வலக்கையை நீட்டினான். அவர் அதைப் பற்றி, சந்தையில் மாட்டின் பல்லைப் பார்ப்பவரைப் போல் அழுத்திப் பார்த்தார். தம்பி திருப்பி அழுத்தினான். அவர் முகம் சற்றே சுளித்தது.

"பிடி இருக்கு. காத்து எங்கிட்டு அடிக்குது, சொல்லுங்க பாப்பம்."

தம்பி கண்ணை மூடி முகத்தைத் திருப்பித் திருப்பிக் காற்றை வாங்கினான். "தெக்கேயிருந்து. கொஞ்சம் மேக்க சாஞ்சு."

"சோழகம்" என்றார் அவர். "ஆனி, ஆடிக்கு இதே காத்து நேரா நிக்கும். போறதுக்கும் வர்றதுக்கும் ஒரே காத்து, குறுக்கால வரும். கால் இல்லாத ஆளுக்கு இதைவிடத் தோதான காத்து கெடையாது. புரட்டாசியில செத்துரும். ஐப்பசிக்கு வாடை கெளம்பிட்டா நானே எறங்க மாட்டேன்."

இவ்வாறு காலம் எங்களுக்கு முதல் நாளே அளந்து கொடுக்கப்பட்டது. அறியவில்லை என்று நான் கூற முடியாது.

முதற்சிக்கல் ஏறுவது. அந்தக் கரை மிகத் தட்டையானது. படகு நிற்கும் இடத்துக்கு முழங்கால் நீரில் நெடுந்தொலைவு நடக்க வேண்டும். சக்கரம் சேற்றில் புதையும். நான் ஒரு நாற்காலியின் இருபுறமும் மூங்கில் கட்டி நால்வர் தோளில் சுமக்கலாம் என்று வரைந்து காட்டினேன். தம்பி வரைபடத்தைப் பார்த்து, "ஒத்திகைன்னா சரிதான். சங்கு ஊத ஆள் சொல்லியாச்சா?" என்றான். வள்ளக்காரர் சிரிக்கவில்லை.

"ஆளை ஏன் படகுகிட்டத் தூக்கிட்டு அலையிறீக? படகை ஆளுகிட்டக் கொண்டாந்தாப் போச்சு. கரையில ஏத்தி வச்சுருவோம். தம்பி காஞ்ச மணல்ல உக்காரட்டும். நாலு பேரு உருளைக்கட்டை போட்டுத் தள்ளுனா ஆளோட எறங்கிரும். பழுது பாக்க ஏத்தி எறக்குறதுதானே."

இரண்டாவது சிக்கல் இருக்கை. அதற்கு நானே பொறுப்பேற்றேன். எங்கள் வீட்டு முகப்பில், பாட்டனார் தம் தொழிற்கூடத்தில் அமர்ந்திருந்த பர்மாத் தேக்கு நாற்காலி ஒன்று இருந்தது; கைப்பிடியும் உயர்ந்த முதுகும் உடையது. அறுபதை எட்டப் போகும் என் தம்பி, நண்டு வலை நாறும் பலகையில் மற்றவர் காலடி உயரத்தில் அமர்வதை என் உள்ளம் ஏற்கவில்லை. நாற்காலியின் காலை ஒரு சாண் மட்டும் குறைத்து வண்டியில் ஏற்றிச் சென்றேன்.

வள்ளக்காரர் அதனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "நல்ல மரம். இதுல உக்காந்தா வணக்கம் போட ஆளு வரும். படகு போகாது."

"மேடையில நான் தலைமை தாங்கப் போறேன்னு அண்ணன் நெனச்சுட்டாக" என்றான் தம்பி.

"உக்காருற ஆளு எம்புட்டுத் தாழ இருக்காகளோ அம்புட்டுப் படகு நிமுந்து நிக்கும் ஐயா. எங்கப்பன் எந்திரிச்சு வந்தாலும் அடித்தட்டுலதான்."

நாற்காலியைத் திரும்பக் கொண்டுவந்தேன். பிறகு தம்பி சொன்னபடி, காரைக்குடியில் பழைய ஊர்தி உறுப்புகள் விற்கும் கடையில் ஒரு மகிழுந்து இருக்கையை வாங்கி, அடிச்சட்டத்தைக் கழற்றி, இரு பலகைகளில் பொருத்தி, தார்ப்பாயால் மூடித் தைத்தோம். இடுப்பின் இருபுறமும் பலகை. தொடை நழுவாதிருக்கத் தென்னைநார் அடைத்த இரண்டு சாக்கு. சுக்கான்பிடியை நீட்டி, மூங்கில் ஒன்றை அவன் வலக்கைக்கு வருமாறு இணைத்தோம். பாய்க்கயிறு ஒரு கப்பி வழியாக இடப்பக்கம் வந்தது. படகு எப்பக்கம் திரும்பினாலும் அவன் இடம் மாற வேண்டியதில்லை. பழைய மரச்சாமான் பழுது பார்க்கும் தச்சர் ஒருவர் இவற்றைச் செய்தார். நான் ஓர் ஏட்டில் தம்பியின் உடலளவுகளைக் குறித்துக் கொடுத்தேன். உள்ளங்கை அகலம், முழங்கையிலிருந்து மணிக்கட்டு, விரல் மடங்கிய நிலையில் உள்ளே கொள்ளும் தடிமன். கல்வெட்டுப் படி எடுப்பவனின் கவனத்தோடு அவற்றை எடுத்தேன். மூங்கிலின் பிடி அவன் கைக்கு அவ்வளவு பொருத்தமாக அமைந்தது.

மூன்றாவது சிக்கல்தான் பெரிது. இடுப்புக்கு மேல் அவன் உடல் ஒரு பக்கம் சரியத் தொடங்கியிருந்தது. மார்போடு சேர்த்து ஒரு பட்டை கட்டினாலன்றி இருக்கையில் நிலைத்து உட்கார மாட்டான். வள்ளக்காரர் அதைக் கேட்டதும் எழுந்துவிட்டார்.

"கட்டுறதா? கட்டி ஏத்துறது பொணத்தை. உசுரோட இருக்க ஆளைப் படகுல கட்டக் கூடாது. கவுந்துச்சுன்னா மத்தவன் மெதப்பான். கட்டுனவன் படகோட போவான்."

"நான் கட்டிக்கிறேன், நானே அவுத்துக்கிறேன்" என்றான் தம்பி. "உருவு முடிச்சு. நுனி என் எடக்கையில. ஒரு இழுப்பு."

கட்டிக் காட்டினான். இழுத்தான், அவிழ்ந்தது. மீண்டும் மீண்டும் செய்தான். வள்ளக்காரர் நீர்முனைக்குச் சென்று, ஒரு வாளி நிறையக் கடல்நீரை மொண்டு வந்து, சொல்லாமல் கொள்ளாமல் அவன் முகத்தில் வீசினார். நான் பதறிப் போனேன். தம்பி மூச்சுத் திணறி, கண்ணை மூடி, இருமிக்கொண்டே நுனியை இழுத்தான். பட்டை கழன்று மடியில் விழுந்தது.

"சரி" என்றார் வள்ளக்காரர். "முடிச்சு உங்க கையில இருக்க வரைக்கும் சரி."

ஆனித் திங்களின் நடுவில் எல்லாம் முடிந்துவிட்டன. வியாழக்கிழமை காலை என்று நாள் வைத்தோம். அன்று செவ்வாய். மாலையில் கொத்தமங்கலம் சென்றபோது தம்பி இடக்கையில் கயிற்றுத் துண்டு ஒன்றை வைத்துக்கொண்டு, பாய்க்கயிற்றை விரல்களுக்கிடையில் விட்டுப் பிடிக்கும் பயிற்சியைச் செய்துகொண்டிருந்தான். அவன் மனைவி என்னை அடுப்படிப் பக்கம் அழைத்தாள்.

எங்கள் பக்கத்தில் அறுபதாம் ஆண்டு நிறைவு பெருவிழா. அவனுக்கு அது ஆவணியில் வந்தது. அவள் உறவினர் வழியாக ஒரு சோதிடரிடம் சாதகத்தைக் காட்டியிருக்கிறாள்.

"அறுபது முடியிற வரைக்கும் நீர்க்கண்டமாம். கெணத்தைக்கூட எட்டிப் பாக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாக. சாந்தி முடிஞ்சு தண்ணி ஊத்துனப்பறம் தோசமில்லையாம். ரெண்டே மாசம். நான் இதுவரைக்கும் எதையும் வேணாம்னு சொன்னதில்ல, பெரியவுகளுக்கே தெரியும். நீங்க சொன்னா ஒங்க தம்பி கேப்பாக."

"இதையெல்லாம் நம்புறியா ஆத்தா?"

"நம்பல. நம்பாம எதையாச்சும் செஞ்சு ஏதாச்சும் ஆச்சுன்னா, அப்பறம் நான் எதை நம்புறது?"

நாளும் கோளும் பார்ப்பதை நாற்பதாண்டு வகுப்பறையிலும் மேடையிலும் எள்ளி நகையாடியவன் நான். என் மக்கள் திருமணங்களைக்கூட ஆடித் திங்களில் நடத்தி உறவினர் பகையைத் தேடிக்கொண்டவன். அன்று அவள்முன் அந்நாற்பதாண்டும் எனக்கு உதவவில்லை. அவள் கண்ணீருக்கு இரங்கினேன் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய்யன்று, முழுமையும் அன்று. படகில் உடன் செல்வதாக நான் வாக்களித்திருந்தேன். இரண்டு இரவாக எனக்கு உறக்கமில்லை. அந்த வாளி நீர் அவன் முகத்தில் அறைந்தது என் கண்ணிலேயே நின்றது. எனக்கு அச்சம். அதைச் சொல்ல நாணினேன். நான் நம்பாத ஒரு சோதிடன் எனக்கு வழி திறந்துவிட்டான். அவ்வழியே நான் வெளியேறினேன்.

தம்பியிடம் சென்று சொன்னேன். அவன் கயிற்றைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தான். அவளிடம் வாதாடவில்லை, என்னிடம் கேட்டான்.

"நீங்க சொல்லுங்கண்ணே. நாளன்னைக்குப் போறமா, ஆவணி வரைக்கும் இருக்கணுமா?"

"இருப்போம்ப்பா. ரெண்டு மாசந்தான். படகு எங்க போகப் போகுது?"

அவன் வலக்கையை முகத்துக்கு நேரே உயர்த்தி விரல்களை விரித்தான், மூடினான், மறுபடி விரித்தான். "சரிண்ணே" என்றான்.

வள்ளக்காரரிடம் தொலைபேசியில் சொன்னேன். "ஆவணியில காத்துக்குக் கொறையில்ல ஐயா" என்றார். பிறகு, "தம்பிக்குக் கை எப்படி?" என்று கேட்டார்.

நன்றாக இருக்கிறது என்றேன். அன்று அது உண்மைதான்.

ஆடி முழுதும் சோழகம் வீசிற்று. கொத்தமங்கலத்து வீட்டின் நடுமுற்றத்தில்கூட அதன் அசைவு தெரியும். தம்பி நாள்காட்டியைப் பார்ப்பதில்லை. சட்டைப் பொத்தானைப் பார்த்தான். ஆடியின் முதல் வாரத்தில் தானே பொத்தான் போட்டான். இரண்டாம் வாரத்தில் மேற்பொத்தான் வரவில்லை. பிறகு அவள் போட்டுவிட்டாள். சோற்றைப் பிசைந்து உருட்டியவன் கரண்டிக்கு மாறினான். கரண்டியின் காம்பில் துணி சுற்ற வேண்டியதாயிற்று. ஒருநாள் நான் கைகுலுக்குவதுபோல் நீட்டி, அழுத்தச் சொன்னேன். அவன் முகத்தில் முயற்சி தெரிந்தது. என் கையில் ஒன்றும் தெரியவில்லை. "வலிக்குதா?" என்று கேட்டான். வலிக்கிறது என்றேன். "பொய் சொல்ல ஒங்களுக்கு வராதுண்ணே. பேசாம இருங்க" என்றான்.

ஆவணியில் விழா நடந்தது. உறவினர் நிரம்ப வந்திருந்தனர். குடங்குடமாக நீரைச் சக்கர நாற்காலியில் இருந்த அவன் தலையில் ஊற்றினர். பிறகு மனைவியின் கழுத்தில் மீண்டும் தாலி கட்டும் சடங்கு. கயிற்றின் இரு நுனிகளையும் அவன் விரல்களுக்கிடையே வைத்தனர். மேளம் உரத்தது. முடிச்சு விழவில்லை. ஒரு நுனி நழுவியது, எடுத்துக் கொடுத்தனர், அதுவும் நழுவியது. நாத்தனார் முறையில் நின்ற பெண் குனிந்து, முதல் முடிச்சையும் தானே போட்டுவிட்டாள். குனிந்திருந்த அவன் மனைவியின் முகம் எனக்குத் தெரிந்தது. எதற்காக நாங்கள் காத்திருந்தோமோ அந்த விழாவிலேயே, காத்திருந்ததன் விலை அனைவர் கண்ணெதிரிலும் தெரிந்தது. அன்று இரவு பந்தியில் அவள் யாருக்கும் பரிமாறவில்லை.

அதன்பின் நான் ஓடினேன். தச்சரிடம் சென்று, மூங்கிற்பிடி மெலிதாக இருக்கிறது, தடிப்பாக்கித் தருக என்றேன். அவர் கயிறு சுற்றிக் கொடுத்தார். கொண்டுவந்து காட்டினால், விரல் அதன்மேல் மூடவில்லை. விரல் வேண்டாம், முன்கையே போதும் என்று தம்பி சொன்னான். முன்கை படுக்குமாறு மரத்தில் ஒரு தொட்டி குடைந்து, உள்ளே துணி வைத்து, மேலே தோல்வாரால் இழுத்துக் கட்டும்படி செய்யச் சொன்னேன். பதினோரு நாள் ஆயிற்று. முடிந்து வந்தபோது, தொட்டி அகலமாக இருந்தது, கை மெலிந்துவிட்டது. துணியை இன்னும் அடைத்தோம். அளவெடுத்த கையும் அணிந்து பார்த்த கையும் ஒன்றாக இருந்ததே இல்லை. நான் குறித்த எண்கள் யாவும் சரியானவை. அந்தந்த நாளுக்கு மட்டும் சரியானவை. என் ஏட்டில் மூன்று பக்கங்களில் மூன்று வெவ்வேறு மனிதரின் கைகள் இருப்பது போலிருக்கும்.

புரட்டாசி இறுதியில், ஒரு காலை ஒன்பது மணியளவில் புறப்பட்டோம். காற்று சாகத் தொடங்கியிருந்தது. அவன் மனைவி வரவில்லை. "பாக்க முடியாது" என்று மட்டும் சொன்னாள். ஆனால் மிதவைச் சட்டையை அவளே அவனுக்கு அணிவித்து அனுப்பினாள்.

செய்தவை எல்லாம் செவ்வனே உதவின. படகு கரைமணலில் காத்திருந்தது. சக்கர நாற்காலியிலிருந்து இருக்கைக்கு ஒரே தூக்கில் மாறினான். சாக்குகள் தொடையை அணைத்து நின்றன. உருளைக்கட்டைமேல் நால்வர் தள்ள, படகு குலுங்காமல் நீரில் இறங்கியது. ஒரு குறை காண இயலாது.

பட்டை கட்டும் நேரம் வந்தது. வள்ளக்காரர் முடிச்சைப் போட்டுவிட்டு, நுனியைக் கையில் வைத்துக்கொண்டு தம்பியைப் பார்த்தார். தம்பி இடக்கையைப் பார்த்தான். அது மடியில் கிடந்தது.

"அண்ணன்கிட்டக் குடுங்க" என்றான். அவன் நாக்கு அப்போதே சற்றுத் தடித்திருந்தது.

"ஐயாவுக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாது."

வள்ளக்காரர் நுனியை என்னிடம் நீட்டினார். "ஐயா, கவுந்தா மொதல்ல இதை இழுங்க. அப்பறந்தான் பயப்படணும்."

கரையை விட்டுச் சற்றுத் தொலைவு வந்ததும் பாயை விரித்தார். மெல்லிய காற்று அதை நிரப்பியது. படகு தானே உயிர்கொண்டு நகர்ந்தது. தம்பியின் முன்கையைத் தொட்டியில் வைத்து வாரை இறுக்கினார். பாய்க்கயிற்றை மட்டும் தாம் பிடித்தபடி ஒதுங்கினார்.

சுக்கான் அவன் கையில் இருந்தது. எவ்வளவு நேரம் என்று கேட்போருக்கு நான் விடை கூறுவதில்லை. அவன் தோளை உயர்த்தினான், தோளோடு கை சிறிது இழுபட்டது, மூங்கில் அசைந்தது, படகின் முன்தலை அதற்கு இணங்கிற்று. அவன் உதட்டில் ஏதோ தோன்றியது. அடுத்த அலையில் சுக்கான் திரும்பி அடித்தது. கை அதனுடன் போயிற்று. சுக்கான் கையை ஓட்டியதேயன்றிக் கை சுக்கானை ஓட்டவில்லை. முன்தலை காற்றை நோக்கித் திரும்ப, பாய் தளர்ந்து படபடத்தது. வள்ளக்காரர் துடுப்பை ஒருமுறை போட்டுப் படகைச் சரிசெய்து மறுபடி ஒதுங்கினார். தம்பி மீண்டும் தோளை உயர்த்தினான். மீண்டும் பாய் படபடத்தது. மூன்றாம் முறை முயலும்போது அவன் கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன, தோள் உயரவில்லை.

"போதும். கையை எடுத்து மடியில வச்சுருங்க."

வள்ளக்காரர் வாரை அவிழ்த்துக் கையை எடுத்து வைத்தார். பின்தலையில் அமர்ந்து சுக்கானைத் தாமே பிடித்தார். படகு நேர்கோட்டில் ஓடலாயிற்று.

சிறிது நேரம் கழித்துத் தம்பி வாயால் சொல்ல முயன்றான். "கொஞ்சம் தளத்துங்க" என்று தொடங்குமுன் அவர் கயிற்றைத் தளர்த்தியிருந்தார். "இப்ப எறக்..." என்பதற்குள் முன்தலை காற்றை விட்டு விலகித் திரும்பியிருந்தது. இரண்டு மூன்று முறை இவ்வாறு நடந்தபின் அவன் சொல்வதை நிறுத்திக்கொண்டான். மீன்கொத்திப் பறவை ஒன்று வலைக்கம்பின்மேல் இருந்ததைக்கூட அவன் திரும்பிப் பார்க்கவில்லை. சுக்கான்மேல் இருந்த அவர் கையையே பார்த்துக்கொண்டு வந்தான்.

படகைக் கரைநோக்கித் திருப்பியபின் கேட்டான். என்னிடம் அன்று, அவரிடம்.

"ஆனியில வந்திருந்தா?"

வள்ளக்காரர் கடலைப் பார்த்தார். அவர் பொய் சொல்லியிருக்கலாம். காற்று மிகுந்திருக்கும், அலை மிகுந்திருக்கும் என்று ஏதேனும் சொல்லியிருக்கலாம்.

"ஓட்டியிருப்பீக" என்றார்.

கயிற்றின் நுனி என் கையில் இருந்தது. வியர்வையில் அது நனைந்திருந்தது. கரையில் படகு தட்டி நின்றதும், நான்தான் அதை இழுத்தேன். பட்டை எளிதில் கழன்றது.

அந்த இருக்கையை அவர் ஒரு வாரத்துக்குள் கழற்றிவிட்டதாகப் பின்னர் அறிந்தேன். வலை வைக்க இடம் வேண்டுமல்லவா?

திரும்பும் வழியில், மகிழுந்தின் பின்னிருக்கையில் அவன் சரியாதபடி என் தோளைக் கொடுத்து அணைத்துக்கொண்டு வந்தேன். உப்பு அவன் கன்னத்தில் வெண்மையாகப் படிந்திருந்தது. திருவாடானையைத் தாண்டியபோது நான் தொடங்கினேன். ஆனியில் எனக்கிருந்த அச்சத்தைச் சொன்னேன். சோதிடம் ஒரு மறைப்பு என்றேன். உன் மனைவிமேல் பழியில்லை. சொல்ல வேண்டியவன் நான். சொன்னவனும் நான் என்றேன். மிக நன்றாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். அதற்குரிய சொற்களை இரண்டு திங்களாக அடுக்கி வைத்திருந்தேன்.

அவன் முடியும்வரை கேட்டான்.

"அண்ணே" என்றான். ஒவ்வொரு சொல்லுக்கும் இடையே மூச்சு வாங்கினான். "இன்னும் எத்தன நாளைக்கு எனக்குப் பேச்சு இருக்குன்னு தெரியல. இருக்கறதை இதுக்குச் செலவழிக்க வேணாம். வேற ஏதாச்சும் பேசுவோம்."

சரி என்றேன். வேறு எதைப் பேசுவது என்று எண்ணிப் பார்த்தேன். அவன் தலை என் தோளில் கனத்தது. சாலையோரம் கருவேலங்காடுகள் கடந்து போயின. அவன் காத்திருந்தான், நான் ஏதேனும் தொடங்குவேன் என்று காத்திருந்தது அவன் மூச்சிலேயே தெரிந்தது. தேவகோட்டை வந்துவிட்டது. எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை.